கிணற்றுக்குள் ஒரு ஜாடி

(புதுச்சேரியில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறார்கள். ஏழாம் பாடவேளையில் சமூக அறிவியல் நடத்தி எனக்குப் பழக்கம் உண்டு. அதனால் யாருக்காவது கண் சொக்கினால் நான் வருத்தப்பட மாட்டேன்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளைக் கதை வழியாக வரலாற்றுக்குள் அழைத்துப்போவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதைப் பொதுவாகப் பேச எனக்குத் தெரியாது. ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. நூலகப் பாடவேளை. ஒரு பெண் வந்து, "டீச்சர், ஸ்பை வர்ற லவ் ஸ்டோரி தமிழ்ல இருக்கா? சண்டை வரப்போற நேரமா இருக்கணும்" என்று கேட்டாள். வீட்டில் அக்காவின் கைப்பேசியில் ஏதோ தொடர் பார்த்திருக்கிறாள். உலகப் போர், ஓர் உளவாளி, எதிரி நாட்டுப் பெண். நான் உடனே கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தை எடுத்துக் கொடுத்தேன். வாதாபிப் படை வரப்போகிறது என்ற பதற்றம், பிட்சு வேடத்தில் நாகநந்தி, சிற்பியின் மகளுக்கும் இளவரசனுக்கும் காதல். அவள் கேட்டது அப்படியே இருக்கிறது. அவள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாலு பாகமா?" என்றாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். அந்தப் பெண் தினமும் பள்ளிக்கு நடந்து வருவது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வழியாக. பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கும் தெரு. நூறு வருடங்களுக்கு முன்னால் அந்தத் தெருவில் வருகிறவர் போகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளவே சம்பளம் வாங்கிய ஆட்கள் நின்றிருக்கிறார்கள். அவள் கேட்ட கதைக்கு உள்ளேயேதான் நடந்து வருகிறாள். அதை அவளுக்குச் சொல்லாதது என்னுடைய குறை.

அடுத்த வாரம் சொன்னேன். உங்களில் பலருக்குத் தெரிந்த செய்திகள்தான், இருந்தாலும் வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

1908இல் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தபோது பாரதி இங்கே வந்தார். பத்திரிகையும் இங்கிருந்தே வெளிவரத் தொடங்கியது. ஆங்கில அரசு அதைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுக்க, 1910இல் நின்றுபோனது. அதே 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அந்த ஆண்டிலேயே வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து தப்பி, மாறுவேடத்தில் பல நாடுகள் சுற்றி இங்கே வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்ற பிறகு, ஆங்கிலப் போலீசின் கண் முழுவதும் இந்த ஊர் மேல் திரும்பியது. இங்கே அவர்களால் யாரையும் கைது செய்ய முடியாது. கடலூர் பக்கம் போனால் ஆங்கில மண், இங்கே பிரெஞ்சு மண். கைதுசெய்ய முடியாத இடத்தில் வேவுதான் பார்க்க முடியும். வாடகைக்கு வீடு பிடித்து ஆட்களை வைத்தார்கள். ரயில் நிலையத்தில் ஆள், தெருமுனையில் ஆள். கடிதங்கள் பிரிக்கப்பட்டன.

இந்த இடத்தில் வரைபடத்தைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கு எல்லை என்றால் முள்வேலியும் ராணுவமும்தான் மனதில் வரும். நம் பிரெஞ்சு எல்லையோ பாகூர், வில்லியனூர் என்று ஆங்கிலக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு வரப்பைத் தாண்டினால் கைது. என் வகுப்பில் ஒரு பையனுடைய பாட்டி ஊர் அப்படி ஓர் எல்லையில் இருக்கிறது. "அப்ப எங்க கொல்லையில அவர நிக்க வெச்சா ஒரு கால் ஜெயில்ல இருந்திருக்கும்" என்றான். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொன்னேன். அரவிந்தருடன் சில வங்காள இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். இருபது சொச்சம் வயது. உலகப் போருக்குச் சற்று முன்பு, அவர்களோடு பிரேன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். சமையல் செய்வான், எடுபிடி வேலை செய்வான், கூடவே சாப்பிடுவான், கூடவே சிரிப்பான். அவன் போலீசின் ஆள் என்று யாருக்கும் தெரியாது. நாளடைவில் அவனுக்கு ஊருக்குப் போக வேண்டும் போலிருந்தது. அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவதாக ஏற்பாடு. வருகிறவன் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே, அதற்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டான். அதைப் பார்த்த மணி என்ற சுரேஷ் சக்கரவர்த்தி, எந்தக் காரணமும் இல்லாமல், தானும் மொட்டையடித்துக்கொண்டார்!

பிரேனுக்கு வியர்த்துவிட்டது. இவர்களுக்குத் தெரிந்துபோய்விட்டது, என் அடையாளத்தை அழிக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று பயந்தான். கடைசியில் அவனாகவே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, வேவு பார்த்து வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து அரவிந்தர் காலடியில் வைத்தான். அந்த வீட்டில் இருந்த நளினிகாந்த குப்தா இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பாவம் டீச்சர், கூடவே சாப்பிட்டிருக்கான் இல்ல." நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஒற்றன் என்றால் நமக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். அவனுக்கு அது ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு இரவில் அறிக்கை எழுதுகிற ஆள்.

அடுத்து, ஜாடி. 1912இல் நடந்தது. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது வாய் மூடிய ஒரு ஜாடி வந்தது. திறந்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். சிலவற்றில் காளி படம், வங்காள எழுத்து. ஆங்கிலப் போலீசுக்கு வேலை செய்தவர்கள் இரவோடு இரவாகப் போட்டது. மயூரேசன் என்பவன் இன்னொரு பக்கம் பிரெஞ்சுப் போலீசிடம் போய், இந்தச் சுதேசிகள் பயங்கரவாதிகள், வீட்டைச் சோதனை போடுங்கள் என்று புகார் கொடுத்தான். ஜாடி முந்திக்கொண்டு கையில் சிக்கியதால் ஐயரும் பாரதியும் அரவிந்தரைக் கலந்தார்கள். அவர் சொன்ன யோசனை எளிமையானது. ஒளிக்காதீர்கள், எரிக்காதீர்கள், நீங்களே போய்ப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள்.

நந்தோ என்ற விசாரணை நீதிபதி சோதனைக்கு வந்தார். புகார் எழுத்தில் இருக்கிறது, ஜாடி இருக்கிறது, காளி படம் இருக்கிறது. ஆங்கிலேயர்களின் நெருக்குதலும் இருக்கிறது. பார்த்தவுடன் முடிவுக்கு வந்திருக்கலாம். அவர் வீடுகளுக்கு நேரில் போனார். அரவிந்தர் வீட்டு மேசையில் லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைக் கண்டு வியந்து, உட்கார்ந்து பேசினார். வழக்கு அதோடு கரைந்துபோனது. புகார் கொடுத்த மயூரேசன் ஆங்கில எல்லைக்குள் ஓடிவிட்டான்.

நம் ஊர் மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1911இல் வெளியார் இங்கே தங்க வேண்டுமென்றால் ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் நற்சான்று தர வேண்டும் என்று சட்டம் வந்தது. யார் துணிந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று போலீஸ் காத்திருக்க, கலவை சங்கரச் செட்டியார் தானும் போட்டு, மற்ற நால்வரிடமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஐந்து கையெழுத்து. பாடப்புத்தகத்தில் வராத தைரியம் அது.

பிறகு போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சென்னையிலிருந்து ஜனங்கள் ரயில் ஏறி ஓடினார்கள். இங்கே நிலைமை தலைகீழானது. அதுவரை பிரெஞ்சுக்காரர்கள் தந்த நிழல் இப்போது சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. ஏனென்றால் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் ஒரே அணி. அகதிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

எந்த நாளிலும் கப்பலேற்றப்படலாம் என்ற நிலையில் ஐயர் என்ன செய்தார் தெரியுமா? 1914 நவம்பர் முதல் தேதி திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 1915 மார்ச் முதல் தேதி முடித்தார். நான்கே மாதம், 1330 குறள். நாடு கடத்திவிட்டால் முடிக்க முடியாதே என்ற அவசரம். மறு ஆண்டு புத்தகமாக வந்தது.

இதை நான் பல வருடம் 'மொழிபெயர்ப்பாளர்கள்' என்ற ஒருவரி விடையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த முறை தயாரிக்கும்போதுதான் உறைத்தது. 1330 குறளில் 59ஆம் அதிகாரமும் உண்டல்லவா? ஒற்றாடல்! வாசலில் ஒற்றன் நிற்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்து, நல்ல ஒற்றன் எப்படி இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறார். துறவி வேடத்தில் போகட்டும், பிடிபட்டாலும் சொல்லிவிடாதிருக்கட்டும் என்றெல்லாம் வருகிறது. அதைவிட முக்கியமாக, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் வருகிறது. மூன்று பேர் ஒருவரையொருவர் அறியாமல் சொன்னது ஒத்துப்போனால்தான் நம்பலாம். ஐயர் அந்தக் குறள்களில் பேனாவை நிறுத்தி ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்திருப்பார் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

அதே ஐயர்தான் 1917இல் 'மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்' வெளியிட்டார். தலைப்புக் கதையே வரலாற்றுக் காதல் கதை. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று நாம் பாடம் நடத்தும் 'குளத்தங்கரை அரசமரம்' அதே தொகுப்பில் இருக்கிறது. வேவுக்காரர்கள் சூழ, போரின் நடுவில், ஒரு மனிதர் காதல் கதை எழுதியிருக்கிறார். என் மாணவி கேட்டதை எழுதியவர் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, வகுப்பில் என்ன செய்தோம்? இரண்டிரண்டு பேராக ஒரு கதை எழுதச் சொன்னேன். 1910க்கும் 1914க்கும் இடையில் நம் ஊரில் நடப்பது, ஒற்றன் இருக்க வேண்டும். சக ஆசிரியை ஒருவர் கேட்டார், "லவ் ஸ்டோரி எழுதச் சொல்லியிருக்கீங்களாமே, பேரன்ட்ஸ் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?" நியாயமான பயம். இரண்டு விதிகள் வைத்தேன். துப்பாக்கி வரக்கூடாது. 'காதல்' என்ற சொல் வரக்கூடாது. பிரியம் இருந்தால் அது சொல்லாமல் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது விதியை நீங்களும் முயன்று பாருங்கள். சினிமா வசனமெல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

அந்த மாணவி எழுதிய கதையில் தையல்நாயகி என்று ஒரு பதினைந்து வயதுப் பெண். அப்பா ஊரில் ஏதோ வியாபாரம் என்று சொல்லிக்கொள்கிறார், உண்மையில் வேவுக்காரர். 'இந்தியா' அச்சகத்தில் அச்சுக் கோக்கும் பையன் ஒருவனோடு அவளுக்குப் பழக்கம். நான் சிவப்பு மையில் எழுதினேன்: ஜாடி கிணற்றில் விழுந்தது 1912, பத்திரிகை நின்றது 1910, இவன் எப்படி அங்கே வேலை பார்ப்பான்? மறுநாள் திருத்திக் கொண்டுவந்தாள். பத்திரிகை நின்றபோது பையன் ஒரேயொரு ஈய எழுத்தை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டான். 'தை' என்ற எழுத்து. இரண்டு வருடம் கழித்து அதை அவள் கையில் கொடுக்கிறான். அவ்வளவுதான் அந்தக் கதையில் நடக்கும் 'காதல்'. ஒரு தேதித் தவறு இவ்வளவு அழகாகத் திருந்தி நான் பார்த்ததில்லை.

ஒரு ராத்திரி அப்பா ஜாடிக்குள் காகிதங்களை வைத்து மூடுவதை தையல்நாயகி பார்த்துவிடுகிறாள். சொன்னால் அப்பாவுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அந்தப் பையனும் அவனைச் சேர்ந்தவர்களும் சிறைக்குப் போவார்கள். கதை அங்கே நின்றது. இதை வகுப்பில் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். அப்பாவைக் காட்டிக்கொடுப்பது சரியா? பாதி வகுப்பு சரி, பாதி தப்பு. நல்ல விவாதம் என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், நீங்க இல்லாதப்ப லீடர் போர்டுல பேரு எழுதுறான். கிளாஸ்ல யாரு யாரோட பேசுறான்னு உங்ககிட்ட வந்து சொல்றான். அவனுக்கு நீங்க குட் சொல்றீங்க. அது என்ன டீச்சர்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. லீடர் தலையைக் குனிந்துகொண்டான். நான் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இங்கே ஆசிரியர்கள் மட்டும் இருப்பதால் அதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், வேறொரு பள்ளியில் இருந்தேன். பத்தாம் வகுப்பு. இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒரு மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுப்பா" என்றேன். அவன் நல்ல பையன், என் மேல் மரியாதை உள்ளவன். பத்து நாளில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தான். அந்தப் பெண்ணின் நோட்டுக்குள் இருந்தது என்றான். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தார், கடிதத்தைப் பார்த்தார், எதுவும் பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு போனார். அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

பொதுத்தேர்வெல்லாம் முடிந்த பிறகு, பழைய விடைத்தாள்களைக் கட்டும்போது அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அது அவளுடையது அல்ல. அவளுக்கு யாரோ எழுதியதும் அல்ல. இன்னொரு பிள்ளை விளையாட்டுக்கோ வினைக்கோ எழுதி அவள் நோட்டில் சொருகியது. அவள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற நான், கையெழுத்தைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கிணற்றில் ஜாடி வந்தபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச ஒரு நந்தோ இருந்தார். அந்தப் பெண்ணுக்கு நான்தான் இருந்தேன். அந்தப் பையனையும் நினைத்துக்கொள்கிறேன். அவனுக்கு இப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தான் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தால் கூடப் படித்தவள் ஒருத்தி நின்றுபோனாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இதையும், பெயர்கள் இல்லாமல், அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னேன். கரும்பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டேன். லீடருக்கு வேறு வேலைகள் கொடுத்திருக்கிறேன்: வருகைப் பதிவை எடுத்துவருவது, சாக்பீஸ், வராத பிள்ளைகளுக்கு அன்றைய பாடத்தைச் சொல்வது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இல்லாத நேரத்தில் என் வகுப்பில் இப்போது சத்தம் அதிகம். தலைமையாசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒரு பிள்ளைக்கு அடி விழுகிறது, தொந்தரவு நடக்கிறது என்றால் உடனே வந்து சொல்ல வேண்டும், அது வேவு அல்ல என்றும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடு எங்கே என்று பதினான்கு வயதில் கண்டுபிடிப்பது சுலபமல்ல. எனக்கே ஐம்பதை நெருங்கும் வயதில்தான் தெரிந்தது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. யதுகிரி அம்மாள் எழுதிய 'பாரதி நினைவுகள்' சிறிய புத்தகம். மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியாரின் மகள் அவர். அந்த வேவுக் காலத்தில் இங்கே சிறுமியாக வளர்ந்தவர். பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீடுகளுக்குள் ஒரு குழந்தை எதைக் கவனித்தது என்பது அதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது நேராகப் போய்ச் சேரும். இன்னொன்று, தேதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். 1918 நவம்பர் 11 போர் முடிகிறது, நவம்பர் 20 பாரதி எல்லை தாண்டி கடலூரில் கைதாகிறார். நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். சென்ற பருவத்தில் எனக்கு வந்த நல்ல கதைகளில் மூன்று அதிலிருந்து வந்தவை.

தையல்நாயகி கதையை அந்த மாணவி முடித்துவிட்டாள். தையல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விடியற்காலையில் ஐயர் வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போகும் பெண்ணிடம், "இன்னிக்கு நான் இறைக்கிறேன்க்கா, நீ உட்காரு" என்கிறாள். ஜாடி மேலே வருகிறது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, அந்தப் பையனை விட்டுவிடவும் இல்லை. 'தை' எழுத்து இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தாள். நான் சிவப்பு மை போடவில்லை.

சென்ற மாதம் அவளே வந்து 'சிவகாமியின் சபதம்' முதல் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பதினோரு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் பாகம், 'காஞ்சி முற்றுகை', எங்கள் பள்ளி நூலகத்தில் இல்லை. உங்களில் யார் பள்ளியிலாவது இருந்தால் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.